புள்ளி போடுகிறவரிடமே கஷ்டத்தையும் சொல்லச் சொன்னால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர் என்று ஆட்கள் இருக்கிறார்களாம், அதற்கென்று படியும் வாங்குகிறார்களாம், ஆனால் பிள்ளைகள் கஷ்டப்படும்போது ஒருவரும் கண்ணில் படுவதில்லையாம். வாசித்தவுடன் கோபம்தான் வந்தது. தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு யோசித்தால், அவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நானும் அந்தப் படி வாங்கின ஆள்தான். இரண்டு அரச பல்கலைக்கழகங்களில் படிப்பித்தேன், அதில் பதினொரு வருடம் படிப்பித்தலோடு சேர்த்து மாணவ ஆலோசகராகவும் இருந்தேன். எந்த எந்த இடம் என்று எழுதப் போவதில்லை, கதை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். படியைப் பற்றிக் கேட்டால், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கக் காணும். இப்போது ஓய்வு, கொக்குவிலில் வீடு. ஒழுங்கையில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை கொடுக்கிற வீடு என்பதால் வேலை முழுதாக விட்டுப்போகவில்லை, பின்னேரங்களில் யாராவது ஒருவர் சைக்கிளைக் கேற்றில் சாய்த்துவிட்டு "சேர் நிற்கிறாரோ" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அந்த வாசகர் மட்டுமில்லை, தாய் தகப்பன்மாரும் இதில் குழம்புகிறார்கள். மாணவ ஆலோசகர் வேறு, உளவளத்துணையாளர் வேறு. உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங், பயிற்சி பெற்றவர்கள் செய்கிற வேலை. யுத்த காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற நிறுவனம் அதைச் செய்து வந்தது, ஆஸ்பத்திரிகளில் உளநல வைத்தியர்களும் இருக்கிறார்கள். மாணவ ஆலோசகர் என்பவர் கணிதமோ வரலாறோ விலங்கியலோ படிப்பிக்கிற ஒரு விரிவுரையாளர். பீடத்தில் ஒருவரைப் பிடித்து "நீங்கள் பிள்ளைகளோடு நல்லாப் பழகுவீங்கள்தானே" என்று சொல்லி நியமனக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. பயிற்சி என்று இரண்டு நாள் பட்டறை ஒன்று நடந்தது, அதில் இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துவிட்டது.

வேலை என்ன என்று கேட்டால், முக்கால்வாசி கடுதாசி வேலை. விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு அறை தேடுவது, கிராம சேவையாளர் கடிதத்தில் குடும்ப வருமானம் பிழையாக எழுதப்பட்டதால் உதவுதொகை தவறிப்போனவளுக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுப்பது, பாடத்தை மாற்றலாமா என்று கேட்கிறவனுக்கு அது ஏன் நடக்காது என்று விளங்கப்படுத்துவது, இப்படி. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். சின்னதில்லை. பரீட்சை நாளன்று தகப்பனின் செத்தவீட்டில் நின்ற பிள்ளை, காரணத்தை உரிய திகதிக்குள் எழுத்தில் கொடுத்து அது ஏற்கப்படாவிட்டால், நான் இருந்த இடங்களில் அடுத்த முறை எழுதுவது 'ரிப்பீட்' கணக்குத்தான், எவ்வளவு திறமாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் வராது. ஒரு கடுதாசி இரண்டு கிழமை பிந்தினதால் வகுப்புச் சித்தி, அதாவது பட்டத்தில் 'கிளாஸ்', போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். செத்தவீட்டில் நிற்கிற பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் பரீட்சைக் கிளைக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று யார் சொல்வது?

"மகாபொலவும் வாங்கிக்கொண்டு என்ன குறை" என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். மகாபொல 1981 இல் அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி தொடக்கின, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு உதவுதொகை கொடுக்கிற நிதி, நல்ல நிதி, நான் படித்த காலத்தில் எங்கள் அறையில் இருந்த நாலு பேரில் மூன்று பேர் அதில்தான் சீவித்தோம். கன காலம் மாதம் 5000 ரூபாயாக நின்றது, 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7500 ஆக்கினார்கள். சரி, 7500 ஐ முப்பதால் பிரித்துப் பாருங்கள். நாளுக்கு 250. அதற்குள் மூன்று நேரச் சாப்பாடு, அறை வாடகைப் பங்கு, போட்டோக் கொப்பி, போனுக்கு டேற்றா, ஊருக்குப் போகிற பஸ் காசு. அந்தக் காசும் ஒன்றாம் திகதி ஒழுங்காக வந்து விழுகிற காசு இல்லை. ஒரு மாதம் வராது, பிறகு இரண்டு மாதத்துக் காசு சேர்ந்து வரும், இடையில் இருக்கிற வயிறு காத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விஷயங்களை மாற்றியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை, பின்னேரம் இரண்டரை மணி இருக்கும், நான் கொழும்புக்குப் போகிற அவசரத்தில் மேசையை ஒதுக்கிக்கொண்டு இருந்தேன். வன்னிப் பக்கத்துப் பிள்ளை, இரண்டாம் வருடம். நீல நிறப் பிளாஸ்ரிக் ஃபைல் ஒன்றோடு வந்து, "சேர், ஒரு சைன் வேணும்" என்றாள். வைத்துக் கொடுத்தேன். கடிதத்தை ஃபைலுக்குள் வைத்து, பட்டனை அமத்தி, "தாங்ஸ் சேர்" என்று சொல்லிக் கதவடிக்குப் போனவள், கொண்டியில் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"சேர், லைப்ரரி ஃபைன் கட்டாட்டி எக்ஸாம் எழுத விடமாட்டினமோ?"

"எவ்வளவு?"

"நூற்று நாற்பது ரூபா."

பதினொரு வருடத்தில் நான் படித்த ஒரே வித்தை இதுதான் என்று நினைக்கிறேன்: பிள்ளைகள் வந்த காரியத்தைக் கதவடியில்தான் சொல்வார்கள், கதிரையில் இருக்கும்போது சொல்வது சும்மா. ஃபைனைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. "காலமை என்ன சாப்பிட்டீர்?" என்று கேட்டேன். பணிஸ் என்றாள். நேற்று இரவு என்ன என்றதற்கு மறுமொழி இல்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தாய் நுண்கடன் எடுத்திருக்கிறா, ஐந்து பெண்கள் சேர்ந்த குழு, ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். கிழமைக்கு ஒருநாள் வசூலிக்க ஆள் வரும். ஒரு கிழமை தவறினால் அந்த நாலு வீட்டுக்காரரும் வாசலில் வந்து நிற்பார்கள், சண்டை பிடிக்க இல்லை, அவர்களும் அதே கஷ்டத்தில்தான். இந்தப் பிள்ளை தனக்குக் கிடைக்கிற உதவுதொகையை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காலையில் ஒரு பணிசும் பிளேன்ரீயும், இரவில் அறைப் பிள்ளை சமைத்தால் கொஞ்சம். ஏழு மாதம் இப்படி. வகுப்பில் நித்திரை தூங்குகிறாள் என்று நானே ஒரு நாள் பேசியிருக்கிறேன்.

அந்த 140 ரூபாயை நான் கட்டவில்லை. கட்டியிருந்தால் அவள் அதற்குப் பிறகு என் அறைப் பக்கமே வந்திருக்கமாட்டாள், மானமுள்ள பிள்ளை. நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் வைத்திருந்த ஒரு சின்ன நிதிக்கு விண்ணப்பிக்க வைத்தேன், அது வர மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமைக்கும் கன்ரீன்காரரிடம் ஒரு சொல் சொல்லி வைத்தேன், கணக்கை என் பெயரில் எழுதுங்கோ என்று. மனிசன் கணக்கே எழுதவில்லை என்பது மாதம் முடியத்தான் தெரிந்தது.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். அவள் அழுதுகொண்டு இதையெல்லாம் சொல்லும்போது, அவளுடைய அரையாண்டு விடைத்தாள் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. திருத்தவில்லை. சுட்டெண்தான் எழுதியிருக்கும், பெயர் இருக்காது, உண்மைதான், ஆனால் நாற்பது பேர் படிக்கிற வகுப்பில் பிள்ளைகளின் எழுத்துத் தெரியாமல் ஒரு ஆசிரியர் இருக்க முடியுமா? நான் என்ன செய்ய வேண்டும்? பட்டினியோடு எழுதினாள் என்று இரண்டு புள்ளி கூடப் போடுவதா, போட்டால் அவளுக்குப் பின்னால் இருந்து எழுதின, யாரிடமும் ஒன்றும் சொல்லாத பிள்ளைக்கு என்ன நியாயம்? கூடப் போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் குறைத்துப் போட்டுவிட்டால்? கடைசியில் அந்த விடைத்தாள் கட்டு முழுவதையும் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு விரிவுரையாளரிடம் கொடுத்தேன். அவர் அவளுக்கு என்ன போட்டார் என்று நான் கேட்கவும் இல்லை.

எனக்கே இப்படி என்றால் பிள்ளைகளின் பக்கம் யோசியுங்கள். போன வருடம் திருநெல்வேலிச் சந்தையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு பெடியன் வந்து "சேர், என்னைத் தெரியுதோ" என்று கேட்டான். தெரிந்தது. இப்போது நல்ல வேலை, மனிசி, ஒரு பிள்ளை. கதைத்துக்கொண்டு போகும்போது சொன்னான், மூன்றாம் வருடத்தில் முழுக்க ஒரு வருடம் இரவில் நித்திரையே இல்லையாம், ஒரு கட்டத்தில் படிப்பை மட்டுமில்லை எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தானாம். "ஏன் என்னட்ட வரேல்லை?" என்று கேட்டேன். சிரித்தான். "உங்கட பாடத்திலதானே சேர் நான் ஃபெயில்."

முருங்கைக்காய் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். மனிசியிடம் அதற்கும் பேச்சு.

இதோடு ஒழுக்காற்று வேலை வேறு. இரண்டு பச், அதாவது வேறு வேறு வருடத்துப் பிள்ளைகள், அடிபட்டால் இரவு இரண்டு மணிக்குப் போன் வருவது மாணவ ஆலோசகருக்குத்தான். போய் விலக்கி விடுவோம், ஆஸ்பத்திரிக்கு ஏற்றி விடுவோம், விடிய ஒருவனுடைய தோளில் கை போட்டு "என்னடா நடந்தது, எனக்குச் சொல்லு" என்று கேட்போம். இரண்டு மாதம் கழித்து விசாரணைக் குழு இருக்கும், அங்கே போய் நாங்களே அவனுக்கு எதிரான சாட்சி. ஒருமுறை இப்படி நடந்தால் போதும், அந்த பச்சில் அதற்குப் பிறகு ஒருவனும் வாய் திறக்கமாட்டான். நான் அவர்களில் பிழை சொல்லவே மாட்டேன்.

பகிடிவதை, அதாவது ராக்கிங், விஷயத்தில் இது இன்னும் மோசம். 1997 இல் பேராதனையில் பொறியியல் படித்த வரப்பிரகாஷ், எங்கள் தமிழ்ப் பிள்ளை, சீனியர்மார் கொடுத்த வதையில் சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போனார். அடுத்த வருடமே சட்டம் வந்தது, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம், பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை சிறை, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ என்றால் பத்து வருடம் வரை. சட்டத்தில் குறை இல்லை. ஆனால் பகிடிவதை இப்போது விரிவுரை மண்டப வாசலில் நடப்பதில்லை, வாடகை அறையிலும் போனிலும் நடக்கிறது, இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு விடிய விடிய வைத்திருப்பார்கள். ஒரு பெடியன் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தான், பெயர்களோடு. மூன்றாம் நாள் வந்து அதைத் திருப்பிக் கேட்டான். ஏன் என்று பார்த்தால், அந்த சீனியரின் தகப்பனும் இவனுடைய தகப்பனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள், பக்கத்துப் பக்கத்து வகுப்பு. ஊர் சின்னது, ஐயா. இங்கே இரகசியம் என்பது பரமேஸ்வராச் சந்தி தாண்டுவதற்குள் கல்வியங்காட்டுக்குப் போய்விடும்.

தாய்மாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபிக்கக்கூடாது. போன் எடுப்பார்கள். "சேர், அவன் உங்களிட்ட வந்தவனாம், என்ன சொன்னவன்?" நான் சொல்ல முடியாது அம்மா, நீங்கள் அவனிடமே கேளுங்கோ என்றால், "நான் பெத்த தாய் சேர்" என்பார்கள். அதற்கு என்ன மறுமொழி இருக்கிறது? ஆனால் சொல்லிவிட்டால் அவன் திரும்ப வரமாட்டான், அவன் மட்டுமில்லை, அவனுடைய கூட்டாளிகளும் வரமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும்தான் நான் அந்த வாக்கை மீறினேன், இரண்டு தரம். இரண்டு தரமும் முதலில் அந்தப் பிள்ளையிடமே சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போன் எடுத்தேன், ஒருமுறை நானே கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக் கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தேன். "விசர் டொக்டரிட்டயோ கொண்டு போனீங்கள்" என்று தகப்பன் என்னோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. பிறகு பட்டமளிப்பு விழாவன்று மோதகம் கொண்டுவந்து தந்தார், அது வேறு கதை.

என் மச்சாளின் மகள் ஒருத்தி லண்டனில் இருக்கிறாள், ஒரு பல்கலைக்கழகத்தில் இதே வேலையைச் சம்பளத்துக்கு முழுநேரமாகச் செய்கிறாள். மாணவர் நல ஆலோசகர் என்று பதவியே தனியாக உண்டு. அவள் ஒரு பாடமும் படிப்பிப்பதில்லை, ஒரு தாளும் திருத்துவதில்லை. வீட்டுக்காரன் முற்பணத்தைத் திருப்பித் தராவிட்டால் என்ன செய்வது, பரீட்சை நேரம் வருத்தம் என்றால் எந்தப் படிவம், கடன் எப்படி, விசா எப்படி, நாள் முழுக்க இதுதான். அங்கே மாணவர் சங்கங்களும் தனியாக ஆலோசனை நிலையம் வைத்திருக்கின்றனவாம், பல்கலைக்கழகத்தோடேயே பிணக்கு என்றால் பிள்ளை அங்கே போகலாம். பிள்ளையின் சம்மதம் இல்லாமல் தாய் தகப்பனுக்கு ஒரு சொல் சொல்லமாட்டார்களாம். நான் என் அனுபவத்தைச் சொன்னபோது அவளுக்கு நம்ப முடியவில்லை. "மாமா, அவையின்ர பேப்பரையும் நீங்களே திருத்திறனீங்களோ?" என்று மூன்று தரம் கேட்டாள். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை, அவளுக்கும் வரிசையில் ஆட்கள் காத்துக்கொண்டு இருக்கிறார்கள், அவளும் களைத்துப்போய்த்தான் வீட்டுக்கு வருகிறாள். ஆனால் அவளுடைய லாச்சிக்குள் யாருடைய விடைத்தாளும் இல்லை.

இன்னொருவனைப் பற்றியும் எழுதாமல் விட மனம் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் நாலு வருடம் இருந்தவன், குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெடியன். வந்த புதிதில் அறிவித்தல் பலகையில் தமிழில் ஒட்டினதை வாசிக்கத் தெரியாமல் படம் எடுத்துக்கொண்டு வருவான், என் சிங்களம் அவனுடைய தமிழை விடக் கொஞ்சம்தான் திறம், இரண்டு பேரும் இங்கிலிசில் முழி பிதுங்குவோம். அவன் என்னிடம் கொண்டுவந்த பிரச்சினை ஒரே ஒரு பிரச்சினைதான்: சாப்பாட்டில் உறைப்பு. அறை கொடுத்த அம்மாவிடம் சொன்னால் மனவருத்தப்படுவா என்று சொல்லவில்லையாம், இரண்டு மாதமாக வயிற்றெரிவு. நான் போய்ச் சொன்னேன். மனிசி அழுதுவிட்டா, "ஏன் மோனை எனக்குச் சொல்லேல்லை" என்று. அடுத்த நாளிலிருந்து அவனுக்குத் தனிச் சட்டியில் பால்கறி. படிப்பு முடித்துப் போகும்போது அவனுடைய தாயும் வந்திருந்தா, இரண்டு அம்மாமாரும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல் கேற்றடியில் அரை மணித்தியாலம் கதைத்துக்கொண்டு நின்றார்கள். மாணவ ஆலோசகர் வேலை என்றால் சில நாளில் இவ்வளவுதான்.

சரி, என்ன வேண்டும் என்று கேட்டால் பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. ஒவ்வொரு பீடத்துக்கும் இரண்டு பேர், முழுநேரம், ஒருவராவது பெண். படிப்பிக்கக் கூடாது, தாள் திருத்தக் கூடாது, விசாரணைக் குழுவில் இருக்கக் கூடாது. அவர்களுக்கு ஒரு அறை, அந்த அறையின் கதவு பீடாதிபதி அலுவலகத்துக்குப் போகிற விறாந்தையில் இருக்கக் கூடாது, உள்ளே போகிற பிள்ளையை முழு பச்சும் பார்க்கும். சமூகவியல், உளவியல், சமூகவேலை படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிற பட்டதாரிகள் வடக்கில் எத்தனை பேர், அவர்களுக்கு ஒரு வருடம் ஒழுங்கான பயிற்சி கொடுத்தால் என்னை விட நூறு மடங்கு திறமாகச் செய்வார்கள். காசு எங்கே என்று கேட்பார்கள். பொங்கலுக்கும் புதுவருடத்துக்கும் மண்டபச் சோடினைக்கு எவ்வளவு போகிறது என்று நான் இங்கே எழுதத் தொடங்கினால் பிறகு பழைய சிநேகிதர்மார் வீட்டுப் பக்கம் வரமாட்டார்கள்.

அதுவரைக்கும், இதை வாசிக்கிற பிள்ளை யாராவது இருந்தால்: உம்முடைய பாடத்தைப் படிப்பிக்காத ஆலோசகர் ஒருவரைத் தேடும், வேறு பீடம் என்றாலும் பரவாயில்லை, போய்க் கேட்கலாம், ஒருவரும் துரத்தமாட்டார்கள். இரவில் மனம் தாங்கவில்லை என்றால் 1926 க்கு எடும், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், அங்கே உமக்குப் புள்ளி போடுகிறவர் யாரும் இல்லை.

ஆசிரியர் ஐயா, கடிதம் நீண்டுவிட்டது என்று தெரியும். வெட்டத்தான் வேண்டும் என்றால் லண்டன் பந்தியை வெட்டுங்கள், மருமகள் ஒன்றும் நினைக்கமாட்டாள். பால்கறி வைத்துக் கொடுத்த அம்மா உங்கள் பத்திரிகையை ஒவ்வொரு நாளும் வாசிக்கிறவ, அந்தப் பந்தியில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்,
கொக்குவில்.